“எங்கே?” என்னும் வினா

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. தெய்வம், உணவு, மா, மரம், புள் முதலிய கருப்பொருள்களும், புணர்தல், பிரிதல் முதலிய உரிப்பொருள்களும் நிலத்தையும் பொழுதையும் பற்றுக்கோடாகக் கொண்டே விளங்குவன. அகப்பாட்டொன்றைக் கையிலெடுத்த மாணவன் முதலிற் கேட்கவேண்டுவது, “இஃது எந்நிலத்தில், எப்பொழுதில் நிகழ்கின்றது?” என்பதே. இவ்வினாவை இலக்கிய வகுப்போடு நிறுத்திவிடுதல் நம் வழக்கம். ஆயின், நோயை ஆராய்வோரும், நீரையும் மண்ணையும் ஆராய்வோரும், குடித்தொகையை ஆராய்வோரும் இன்று இதனையே தம் முதல் வினாவாகக் கொண்டுள்ளனர். அவர்கள் கையாளும் கருவிக்கு ‘இடஞ்சார் தரவு’ என்பது பெயர். விஞ்ஞான ஆசிரியர் எழுதவேண்டிய பொருளைத் தமிழாசிரியன் எழுதப் புகுந்தது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். இப்பொருள் நம் குடாநாட்டுக் கிணறுகளையும் நம் மக்களின் எண்ணிக்கையையும் தொடுவதாதலின், எத்துறையாராயினும் அறிந்திருத்தல் நன்று என்பதே அதற்கு விடை.

இடஞ்சார் தரவு என்பது யாது?

ஒரு கிணற்று நீரிலே நைத்திரேற்று லீற்றருக்கு 60 மில்லிகிராம் உளதென ஆய்வுகூடம் அறிக்கை தருகின்றது என வைத்துக்கொள்வோம். உலக சுகாதார தாபனம் குடிநீருக்கு வகுத்த எல்லை 50 மில்லிகிராம். ஆதலின் அந்நீர் எல்லையைக் கடந்துவிட்டது என்பது மட்டும் தெரிகின்றது. அக்கிணறு எங்கே உளது என்பதை அகலாங்காலும் நெட்டாங்காலும் குறித்துவிட்டால், அதே செய்தி புதியதோர் ஆற்றலைப் பெறுகின்றது. சூழவுள்ள தோட்டங்களில் எவ்வளவு பசளை இடப்படுகின்றது, மலகூடக் குழி எத்துணைத் தூரத்தில் உளது, அடியிலுள்ள பாறை எத்தகையது, அந்நீரைப் பருகும் குடும்பங்கள் எத்தனை என்பனவற்றையெல்லாம் அதனோடு பிணைத்துப் பார்த்தல் கூடும். நீரைச் சோதித்தவர் ஒருவர். மண்ணை அளந்தவர் வேறொருவர். குடிகளை எண்ணியவர் மூன்றாமவர். ஒருவரையொருவர் அறியாத இம்மூவரின் ஏடுகளையும் ஒருங்கே கோக்கும் நூல் இடம் ஒன்றேயாம்.

இத்தரவு நான்கு வடிவிலே வரும். கிணறு, வீடு, வைத்தியசாலை என்பன புள்ளிகள். வீதி, வாய்க்கால், ஆறு என்பன கோடுகள். கிராம அலுவலர் பிரிவு, மாவட்டம் என்பன எல்லை சூழ்ந்த பரப்புகள். செய்மதிப் படமோ நிலத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பகுத்துச் சதுரந்தோறும் ஓர் எண்ணை வைத்திருக்கும் கட்டம். 1972 இல் ஏவப்பட்ட முதல் லான்ட்சற் செய்மதி தொடங்கி இன்றுவரை அவ்வரிசைச் செய்மதிகள் நிலத்தைப் படம்பிடித்து வருகின்றன. 1982 இன் பின் வந்தவற்றின் படங்களில் ஒரு சதுரம் பெரும்பாலும் 30 மீற்றர் அகலமுடையது. 2015 முதல் இயங்கும் ஐரோப்பியரின் சென்ரினல் 2 செய்மதி 10 மீற்றர்ச் சதுரம்வரை பகுத்துக் காட்டும். லான்ட்சற் படங்களை 2008 முதல் எவரும் இலவசமாகப் பெறலாம். கைத்தொலைபேசியும் இன்று தான் நிற்கும் இடத்தைச் சில மீற்றர்ப் பிசகோடு சொல்லிவிடுகின்றது.

இவ்வடிவங்களைக் கண்ணாடித் தாள்கள்போல ஒன்றன்மேலொன்றாக வைத்து ஒப்புநோக்கும் கணினி ஏற்பாட்டைப் புவியியல் தகவல் முறைமை என்பர். 1960களிலே கனடா நாட்டின் நிலவளத்தைக் கணக்கிடுவதற்காக ரொஜர் ரொம்லின்சன் என்பார் இதனை முதன்முதல் அமைத்தார். ஆயின், சிந்தனை கணினிக்கு மிக முந்தியது.

இலண்டன் மாநகரிலே ஒரு கிணறு

1854 ஆம் ஆண்டு ஆகத்து மாத இறுதியிலே, இலண்டனின் சோகோப் பகுதியில் வாந்திபேதி மூண்டது. பத்து நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். நோய் நச்சுக்காற்றால் வருகின்றது என்பதே அந்நாளைய வைத்தியர் பலரின் கொள்கை. ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவரோ அது நீர்வழி பரவுவது என்று கருதினார். இறந்தோர் வாழ்ந்த வீடுகளைத் தேடிச் சென்று, அவை புரோட் வீதிக் குழாய்க்கிணற்றைச் சூழ்ந்து நெருங்கியிருத்தலைக் கண்டார். அவருடைய வேண்டுகோளின்படி செப்டெம்பர் 8 ஆந் தேதி அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. இறந்தோரைக் கறுப்புக் கோடுகளாற் குறித்த அவருடைய தேசப்படம் 1855 இல் வெளிவந்த அவர் நூலிலே காணப்படுகின்றது.

இக்கதையைப் பலர் அறிவர். ஆயின், பலர் கவனியாதது ஒன்றுண்டு. ஸ்னோவின் வாதத்துக்கு வலுவூட்டியவை புள்ளிகள் குவிந்த இடங்களைக் காட்டிலும் விதிவிலக்காக நின்ற இடங்களே. அக்கிணற்றுக்கு அணித்தாய் 535 பேர் வாழ்ந்த ஏழைகள் விடுதி ஒன்றிலே ஐவரே இறந்தனர். விடுதிக்குத் தனிக்கிணறு இருந்தது. அயலிலிருந்த பியர் வடிசாலையின் தொழிலாளர் எழுபதின்மருக்கு மேற்பட்டோருள் ஒருவரும் மாளவில்லை. அவர்கள் புரோட் வீதி நீரைப் பருகுவதில்லை. இதற்கு மாறாக, தொலைவிலுள்ள ஹாம்ஸ்ரெட்டில் வாழ்ந்த கைம்பெண் ஒருத்தி அந்நோயாலேயே இறந்தாள். முன்னாளில் புரோட் வீதியில் வாழ்ந்த அவள், அந்நீரின் சுவையை விரும்பி நாடோறும் போத்தலில் வருவித்துப் பருகி வந்தாளென விசாரணையில் தெரிந்தது. தேசப்படம் வினாவை எழுப்பியது. வீட்டுக்கு வீடு நடந்து கேட்டதே விடையைத் தந்தது. இத்துறையைப் பயிலுவார் நெஞ்சிற் கொள்ளவேண்டிய முதற் பாடம் இதுவாகும்.

ஈழத்திலே மலேரியா

சூழல், சுகம், குடித்தொகை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு நம் நாட்டு மலேரியா வரலாற்றினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

இந்நாட்டிலே மலேரியாவை முதன்மையாகப் பரப்பியது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு. வெயில் படும் தெளிந்த தேங்குநீரில் அது முட்டையிடும். பெருகியோடும் ஆறு அதன் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். ஆதலின் மழை மிகுந்த ஈரவலயத்தில் மலேரியா குறைவு, உலர்வலயத்தில் மிகுதி. பள்ளிப் பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கியிருக்கின்றதா எனத் தடவிப் பார்த்து நடத்திய கணக்கெடுப்புகளும் இவ்வேற்றுமையையே காட்டின. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கின. நுளம்பை அழித்துவந்த ஆறே அதற்குத் தொட்டிலாயிற்று. அவ்வாற்றங்கரைகளில் வாழ்ந்தோரோ, மலேரியாவோடு பழகி எதிர்ப்புச் சக்தி பெறாதோர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெருந்துயருற்றன. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதிலும் மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேர். அன்று நாட்டின் குடித்தொகை ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டதே என்பதை நினைந்தால் இவ்வெண்ணின் கொடுமை புலனாகும்.

மழைக்கணக்கு மட்டும் இவ்வழிவை விளக்காது. நோய்க்கணக்கு மட்டும் விளக்காது. மழை எங்கே பொய்த்தது, எந்த ஆறு வற்றியது, அதன் கரையில் எதிர்ப்புச் சக்தியற்றோர் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்னும் மூன்று தாள்களையும் ஒன்றன்மேலொன்றாக வைக்கும்போதே அது விளங்கும்.

டி.டி.ரி. மருந்து தெளித்ததன் பயனாய் 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். பகை ஒழிந்ததென எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1967 முதல் 1969 வரை நோய் இலட்சக்கணக்கானோரை மீண்டும் பற்றியது. 1999 இலே கூட 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். அதன்பின் நடந்தது வியத்தற்குரியது. உள்நாட்டிலே தொற்றிய மலேரியா கடைசியாக 2012 ஒக்டோபரில் பதிவாயிற்று. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார தாபனம் சான்றளித்தது.

இவ்வெற்றியிலே மருந்துக்கும் பூச்சிகொல்லி தோய்ந்த நுளம்புவலைக்கும் பங்குண்டு, இடமறிதலுக்கும் பங்குண்டு. 1980களிலே கதிர்காமப் பகுதியில் நடந்த ஆய்வு, ஒரே ஊருக்குள்ளேயும் நோய் சில வீடுகளிற் குவிவதைக் காட்டியது. மண்சுவரும் ஓலைக்கூரையும் உடையனவாய், நுளம்பு பெருகும் நீர்நிலைக்கு அணித்தாய் இருந்த வீடுகளே அவை. 2003 இல் வெளியான மற்றோர் ஆய்வும், நுளம்பு பெருகும் ஓடைக்கு 750 மீற்றருக்குள் வாழ்வோருக்கு இடர் மிகுதி எனக் கண்டது. நோயாளர் இலட்சக்கணக்கினராய் இருக்கும்போது மாவட்டப் படமே போதும்; எங்கே மருந்து தெளிப்பது என்பதை அது சொல்லும். நோயாளர் நூற்றுக்கணக்கினராகக் குறைந்தபோது ஊர்ப்படம் வேண்டப்பட்டது. பத்துப் பேராய்ச் சுருங்கியபோது ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு புள்ளியாயிற்று. அந்நோய் அங்கேயே தொற்றியதா, பிறநாட்டிலிருந்து வந்ததா என்று விசாரித்து, அயலாரின் குருதியையும் சோதித்து, அண்மையிலுள்ள நீர்நிலைகளையும் நாடிச் சென்றனர் சுகாதாரப் பணியாளர். நோய் சுருங்கச் சுருங்கப் படம் நுணுகவேண்டும் என்பது இரண்டாவது பாடம்.

எண்ணப்படாத மக்கள்

இரண்டு ஊர்களில் பத்துப் பத்துப் பேருக்கு ஒரு நோய் வந்தது என்க. ஓர் ஊரிலே 500 பேர். மற்றதிலே 5,000 பேர். படத்தில் இரண்டிலும் பத்துப் புள்ளிகளே தோன்றும். உண்மையில் முதலூர் பதின்மடங்கு இடருற்றது. பின்னமொன்றின் தொகுதியெண்ணை மட்டும் பார்த்துப் பகுதியெண்ணை மறத்தலாகாது. ஸ்னோவும் இதனை நன்கறிந்திருந்தார். தென் இலண்டனில் இரண்டு கம்பனிகள் நீர் வழங்கின. ஒன்று நகரக் கழிவு கலந்த தேம்சு நீரையும், மற்றது 1852 இல் தன் வாயிலை நதியின் மேற்பகுதிக்கு மாற்றித் தூய நீரையும் வழங்கியது. இறந்தோரை மட்டும் எண்ணாது அவ்விரு கம்பனிகளும் நீர் வழங்கிய வீடுகளையும் அவர் கணக்கிட்டார். பத்தாயிரம் வீட்டுக்கு முன்னதில் 315 பேரும் பின்னதில் 37 பேரும் இறந்திருந்தனர். புரோட் வீதிப் படத்தைக் காட்டிலும் வலிய சான்று இதுவே.

இங்கேதான் பொருள் நம்மை நெருங்குகின்றது. பகுதியெண்ணைத் தருவது குடிசன மதிப்பு. நம் நாட்டிலே 1981 இல் அது முழுமையாக நடந்தது. 1991 இல் நடக்கவேயில்லை. 2001 இல் நடந்தது 18 மாவட்டங்களில் மட்டுமே நிறைவெய்தியது; போர் சூழ்ந்த வட மாகாணம் அவற்றுள் அடங்கவில்லை. 2012 இலேயே வடக்கு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது. இன்றைய எல்லைப்படி கொண்டால், யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981 இல் ஏழு இலட்சத்துக்கு மேலாயிருந்த தொகை, 2012 இல் ஆறு இலட்சத்துக்குக் கீழாயிருந்தது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் மக்கள் இடம்பெயர்ந்தனர், மீண்டனர், கடல் கடந்தனர், மாண்டனர். அக்காலத்தில் ஒரு நோயின் வீதத்தை எவரேனும் கணக்கிட்டிருந்தால், பகுதியெண் மதிப்பீடாகவே இருந்திருக்கும். எண்ணப்படாதவன் நோயுற்றாலும் அவன் நோய்க்கு வீதம் இல்லை. வீதம் இல்லாத இடத்துக்கு மருந்தும் மருத்துவமனையும் எவ்வளவு வேண்டும் என்று யார் வரையறுப்பர்?

செய்மதி இக்குறையைத் தீர்க்காதோ எனக் கேட்கலாம். ஒருவாறு தீர்க்கும். இங்கிலாந்தின் சௌதம்ரன் பல்கலைக்கழகத்திலுள்ள வேர்ல்ட்பொப் என்னும் ஆய்வுக்குழு, குடிசன மதிப்பின் தொகைகளை எடுத்து, கட்டடங்கள், வீதிகள், நிலச்சரிவு, இரவு விளக்கொளி ஆகியவற்றைத் துணைகொண்டு 100 மீற்றர்ச் சதுரங்களுக்குப் பகிர்ந்து வழங்குகின்றது. வெள்ளமோ கொள்ளைநோயோ வரும்போது இக்கட்டம் பெரிதும் உதவும். ஆயினும் ஒன்றை மறவற்க. 1990களிலே யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அந்நாளில் இரவொளியை மட்டும் நம்பி வானிலிருந்து எண்ணியிருந்தால், அங்கே மனிதர் மிகச் சிலரே உளர் என முடிவு தோன்றியிருக்கும். ஆனால், அவ்விருளிலே போத்தல் விளக்கின் முன்னிருந்து பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தனர். ஒளியில்லாமை ஆளில்லாமை ஆகாது. நிலத்தில் நின்று எண்ணியவனின் ஏடில்லாமல் வானத்துக் கண் தனித்து நம்பத்தக்கதன்று என்பது மூன்றாவது பாடம்.

படம் மயக்கும் இடங்கள்

ஸ்னோவின் காலத்திலேயே வில்லியம் பார் என்னும் புள்ளிவிபர அறிஞர், இலண்டனில் நிலம் உயர உயர வாந்திபேதி மரணம் குறைவதைக் காட்டினார். அக்கணக்கு பிழையன்று. தாழ்நிலத்து நச்சுக்காற்றே காரணம் என அவர் அதனை விளக்கியதே பொருந்தாதாயிற்று. தாழ்நிலத்து மக்களிற் பலர் தேம்சின் அழுக்குநீரைப் பருகினர் என்பதே அதற்கு ஏற்ற விளக்கம். இரண்டு தாள்கள் பொருந்துவதனால் ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் விவசாயிகளை வருத்தும் நாட்பட்ட சிறுநீரக நோய் இதற்கு இன்றைய எடுத்துக்காட்டு. நீரின் கடினம், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், பாரவுலோகங்கள், வெயிலில் உடல் நீரிழத்தல் எனப் பல காரணங்களை ஆய்வாளர் முன்வைத்துள்ளனர். அவற்றுட் சில நோயின் படத்தோடு ஓரளவு பொருந்துகின்றன. ஆயினும், இதுவே காரணம் என யாவரும் உடன்பட்ட முடிவு இன்னும் எய்தப்படவில்லை.

எல்லையும் மயக்கும். மாவட்டமாகப் பார்த்தால் மறையும் துயர், கிராம அலுவலர் பிரிவாகப் பார்த்தால் வெளிப்படும். சிலவேளை ஒரு கோட்டை நகர்த்தினாலே படத்தின் நிறம் மாறிவிடும். இனி, மானமும் உண்டு. நோயாளியின் வீட்டைப் புள்ளியாகக் குறித்துப் படத்தை வெளியிட்டால், அயலார் விரல்நீட்டிக் காட்டுவர். ஆதலாற்றான் பல நாடுகளில் நடத்தப்படும் குடித்தொகை சுகாதார அளவைகளில், வெளியிடுமுன் ஆய்விடங்களை நகரத்தில் 2 கிலோமீற்றர் வரையும் கிராமத்தில் பெரும்பாலும் 5 கிலோமீற்றர் வரையும் வேண்டுமென்றே இடம்மாற்றிக் காட்டுகின்றனர். அறிவுக்கு வேண்டிய நுணுக்கம் ஒரு குடும்பத்தின் மறைவைக் குலைத்தலாகாது.

நம் கிணறுகள்

குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லினுள்ளே உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமே நமக்கு வாழ்வு. அதனைத் தொடும் வாயில் கிணறு. தோட்டத்துப் பசளையும் மலகூடக் கழிவும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக அப்படலத்தையே சென்றடைகின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழுகின்றது. எந்தக் கிணறு எப்போது எவ்வாறு மாறுகின்றது என்பதை ஆண்டுதோறும் இடங்குறித்து எழுதிவைத்தாலன்றி, சீர்கேட்டை நாம் நாவாலேயே அறியவேண்டி வரும். அப்போது காலம் கடந்திருக்கும்.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பு 2016 இல் மன்னாரிலே காணப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. முன்னையதுபோல் அஃது ஆற்றுக்குட்டையை நாடுவதன்று. கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிடுவது. நோயற்ற நாடென நாம் சான்று பெற்ற ஆண்டிலேயே அது வந்தது கருதத்தக்கது. 1963 இல் நிகழ்ந்த தளர்ச்சி மறுபடி நிகழலாகாது. எந்தக் கிணற்றிலே குடம்பி உளது, எதற்கு மூடி உளது, எது பாழடைந்து கிடக்கின்றது, எதிற் குடம்பியுண்ணும் மீன் விடப்பட்டுளது என அறிதற்கு முதல் வேண்டுவது கிணறுகளின் படம்.

இப்படத்தை வரையப் பெரும்பொருள் வேண்டா. மேல்வகுப்பு மாணவர் நால்வர் ஒரு குழுவாய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலோடும் வீட்டாரின் இசைவோடும் தத்தம் ஊரில் இருபது கிணறுகளைப் பார்க்கட்டும். இடம், ஆழம், மூடி, மலகூடக் குழியின் தூரம், பார்த்த தேதி ஆகிய ஐந்தையும் எழுதட்டும். மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எழுதினால், நிலத்தோடு பொழுதும் சேர்ந்துவிடும். இரசாயன ஆசிரியர் நீரைச் சோதிக்க உதவுவார். புவியியல் ஆசிரியர் படத்தை அமைக்க உதவுவார். கணினித் துறையிலும் மருத்துவத் துறையிலும் எந்திரவியலிலும் உயர்ந்து பல நாடுகளிற் பணியாற்றும் நம் பழைய மாணவர், ஒரு கட்டடம் எழுப்பும் செலவிற் சிறுபகுதியைக்கொண்டே இதனைப் பல்லாண்டு நடத்தித் தரலாம். விழாக்கள் வரும், போகும். பத்தாண்டு தவறாமல் எழுதப்பட்ட கிணற்றேடு ஒன்று கல்லூரியில் இருக்குமாயின், எதிர்காலத்தில் நோயோ உவரோ நம் ஊரை நாடும்போது “எங்கே?” என்று கேட்பாருக்கு விரைந்து விடை சொல்ல அது பயன்படும்.